வார்சோவுக்குப் போன வியட்னாம் பொடியன்

2025 ஒக்டோபர் 20, திங்கள் இரவு. சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியோடு இருந்த எனக்கு அக்காவின் மகளிடமிருந்து செய்தி வந்தது. அவளுக்குப் பதினான்கு வயது. ஸ்காபரோவில் பியானோ படிக்கிறாள். மூன்று வாரமாக வார்சோவில் நடந்த ஷோபன் பியானோப் போட்டியை யூரியூப்பில் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்.

"மாமா, எரிக் லூ வென்றிட்டார்! ஆனா அவர் எஃப் மைனர் எல்லோ வாசிச்சவர்? எஃப் மைனர் வாசிச்சா வெல்ல ஏலாது எண்டு எங்கட ரீச்சர் சொன்னவா."

ரீச்சர் சொன்னதில் காரணம் இல்லாமல் இல்லை. இந்தப் போட்டியின் இறுதிச் சுற்றில் போட்டியாளர் இசைக்குழுவோடு சேர்ந்து ஷோபனின் இரண்டு கொன்சேர்ட்டோக்களில் ஒன்றை வாசிக்க வேண்டும். ஒன்று ஈ மைனர், மற்றது எஃப் மைனர். பெரும்பாலானோர் ஈ மைனரையே எடுப்பார்கள். அது நீளமானது, பளபளப்பானது, கூட்டத்தை எழுப்பக்கூடியது. வென்றவர்களின் பட்டியலிலும் அதுதான் நிறைந்திருக்கிறது. எஃப் மைனர் கொஞ்சம் அடக்கமான பிள்ளை.

ஆனால் 1980இல் ஒருவர் எஃப் மைனரை வாசித்து முதல் பரிசு வாங்கினார். 45 ஆண்டுக்குப் பிறகு அதே கொன்சேர்ட்டோவை வாசித்து வென்ற எரிக் லூ அவரிடம் படித்தவர். அவரைப் பற்றி எழுதித் தா என்று மருமகள் கேட்டாள். அவளுக்கு எழுதத் தொடங்கியது கொஞ்சம் நீண்டுவிட்டதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே போடுகிறேன்.

அவர் பெயர் டாங் தாய் சோன். வியட்னாம்காரர். அங்கே குடும்பப் பெயர் முதலில் வரும், கூப்பிடும் பெயர் கடைசியில் வரும். ஆகவே நாம் சோன் என்றே சொல்வோம். நடுவில் நிற்கும் 'தாய்' நம்முடைய தாய் இல்லை. ஆனாலும் அவருடைய அம்மாவின் பெயரும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது: தாய் தி லியென். இந்தக் கதையில் பாதி அந்த அம்மாவுடையது என்பதால், தமிழில் இப்படி ஒலிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

லியென் 1918இல் சைகோனில் பிறந்தவர். பிராகா நகரத்து இசைக் கல்லூரியில் பியானோ படித்து, 1951இல் நாடு திரும்பினார். பிரெஞ்சுக்காரரோடு போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. போர் முடிந்து நாடு வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தபின், 1956இல் ஹனோயில் நாட்டின் இசைக் கல்லூரியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பியானோப் பிரிவை அவர்தான் நடத்தினார். சோனின் அப்பா டாங் தின் ஹுங் ஒரு கவிஞர். 1950களின் பின்பாதியில் எழுத்துச் சுதந்திரம் கேட்ட எழுத்தாளர்களோடு நின்றார் என்பதற்காக அரசாங்கத்தின் கோபத்துக்கு ஆளானார். நெடுங்காலம் அவருடைய கவிதைகள் அச்சேறவே இல்லை. சோன் பிறந்தது 1958இல், அந்தக் கோபம் சூடாக இருந்த நேரத்தில்.

1965இல் அமெரிக்க விமானங்கள் வட வியட்னாமில் தொடர்ந்து குண்டு போடத் தொடங்கின. சோனுக்கு அப்போது ஏழு வயது. ஹனோயிலிருந்து பிள்ளைகளும் பள்ளிக்கூடங்களும் கிராமங்களுக்கு அனுப்பப்பட்டன. இசைக் கல்லூரியும் ஆசிரியர், மாணவர், வாத்தியங்கள் எல்லாவற்றோடும் இடம்பெயர்ந்து, சுவான் ஃபூ என்ற கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பியானோவை எருமை இழுத்தது. சுவரோடு சாத்தி வைக்கிற சிறிய வகைப் பியானோதான், ஆனாலும் இருநூறு கிலோவுக்குக் குறையாது. போர்க்காலப் பாதையில் குலுங்கிக் குலுங்கிப் போன ஒரு பியானோ எந்தச் சுருதியில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஓலைக் கொட்டில்களில் வகுப்பு நடந்தது. பக்கத்தில் பதுங்குகுழி. பியானோவுக்குள் எலி குடியிருந்தது. ஒரு பியானோவுக்குப் பல பிள்ளைகள் என்பதால் முறை வைத்துத்தான் பழகினார்கள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது, சங்கீத ரீச்சரான என் பெரியம்மா அரிசி மூட்டையைக் குறைத்துவிட்டுச் சுருதிப்பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டினாவாம். நாவற்குழிப் பாலத்தில் பெரியப்பா அதற்காகச் சண்டை பிடித்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்தப் பெட்டி இப்போது பிரம்டனில் ஒரு நிலக்கீழ் அறையில் இருக்கிறது. சோனைப் பற்றி முதன்முதல் வாசித்தபோது எருமை வண்டிப் பியானோ எனக்கு அதிசயமாகத் தோன்றாததற்கு அதுதான் காரணம். இப்படிச் செய்கிற ஆட்களை எனக்குத் தெரியும்.

மேற்கத்தைய பத்திரிகைகள் இந்தக் கதையை எழுதும்போது குண்டு, காடு, எலி, பிறகு திடீரென்று தங்கப் பதக்கம் என்று எழுதும். துன்பம்தான் கலைஞனை உருவாக்கியது என்ற மாதிரி ஒரு தொனி இருக்கும். எனக்கு அது சரியாகப் படவில்லை. குண்டு யாருக்கும் பியானோ கற்றுக்கொடுப்பதில்லை. சோனிடம் இருந்தது, குண்டு விழுந்தபோதும் மூடப்படாமல் இடம்மாறிய ஒரு பள்ளிக்கூடமும், அதில் படிப்பித்த ஓர் அம்மாவும். அப்பாவின் வாயை மூடிய அதே அரசாங்கம்தான் அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்தியது என்பதையும் மறைக்க முடியாது. இரண்டும் ஒரே வீட்டுக்குள் நடந்தன.

1970இல் வார்சோவில் நடந்த எட்டாவது ஷோபன் போட்டியைப் பார்க்க லியெனுக்கு அழைப்பு வந்தது. போர் நடந்துகொண்டிருந்த நாட்டிலிருந்து அவர் போனார். அந்த ஆண்டு வென்றவர் காரிக் ஓல்சன் என்ற அமெரிக்கர். அமெரிக்கக் குண்டுகளுக்கு ஓடி ஒளிந்த ஊரிலிருந்து வந்த பெண், வார்சோ மண்டபத்தில் அமெரிக்க இளைஞன் பரிசு வாங்குவதைப் பார்க்கிறார். திரும்பும்போது பைநிறைய ஷோபனின் இசைத்தாள்களும் இசைத்தட்டுகளும் கொண்டு போனார். மகனுக்குப் பன்னிரண்டு வயது. யூரியூப் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். அந்த ஊரில் ஷோபனைக் கேட்க வேண்டுமானால், யாராவது வாசிக்க வேண்டும் அல்லது யாராவது பையில் கொண்டு வர வேண்டும்.

1974இல் ஐசாக் காட்ஸ் என்ற ரஷ்யப் பியானோக் கலைஞர் படிப்பிப்பதற்காக ஹனோய்க்கு வந்தார். சோன் வாசிப்பதைக் கேட்டு, பொறுப்பெடுத்துப் படிப்பித்தார். அப்பாவின் பெயர் கெட்டிருந்த ஒரு வீட்டுப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு சும்மா கிடைக்கிற காரியம் இல்லை. ஆனாலும் 1977இல் சோன் மொஸ்கோ இசைக் கல்லூரிக்குப் போனார். விளாடிமிர் நட்டன்சன் அவருடைய ஆசிரியர். மூன்றே ஆண்டில், 1980 ஒக்டோபரில், வார்சோ மேடைக்கு வந்து நின்றார். வயது 22.

போட்டியைப் பற்றி ஒரு நாலு வரி. 1927இல் தொடங்கியது. பியானோ மட்டும்தான், ஷோபனின் இசை மட்டும்தான். ஐந்தாண்டுக்கு ஒரு முறை. இரண்டாம் உலகப் போரில் மண்டபமே அழிந்து, திருப்பிக் கட்டப்பட்டது. ஷோபன் போலந்தில் 1810இல் பிறந்து, இருபது வயதில் ஊரைவிட்டுப் போனவர். அவர் வெளிக்கிட்ட சில வாரங்களில் ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சோவில் கிளர்ச்சி வெடித்தது. அவர் திரும்பிப் போகவே இல்லை. 1849இல் பாரிசில் இறந்தார். உடல் பாரிசில், இதயம் மட்டும் வார்சோவில் ஒரு தேவாலயத் தூணுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கொன்சேர்ட்டோக்களையும் அவர் எழுதியது ஊரைவிட்டுப் போவதற்கு முன்னர்தான். எஃப் மைனர் முதலில் எழுதியது, ஆனால் பிந்தி அச்சானதால் 'இரண்டாவது' என்று பெயர் வாங்கிவிட்டது. 1830 மார்ச்சில் வார்சோவில் அவரே அதை வாசித்து அரங்கேற்றினார்.

சோனுக்கு முன்பு ஆசியர் யாரும் இந்தப் போட்டியில் முதல் பரிசு வாங்கியதில்லை. 1955இல் சீனாவின் ஃபூ சொங் மூன்றாவதாக வந்தார். 1970இல் ஜப்பானின் மிட்சுகோ உச்சிடா இரண்டாவதாக வந்தார். அவ்வளவுதான். சோனின் விண்ணப்பத்தில் எழுதுவதற்கோ அதிகம் ஒன்றும் இல்லை. மற்றவர்கள் எந்தெந்த நகரத்தில் எந்தெந்த இசைக்குழுவோடு வாசித்தோம் என்று பட்டியல் கொடுத்தார்கள். அவர் அதுவரை எந்த இசைக்குழுவோடும் வாசித்ததே இல்லை.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். தனியாக வாசிக்கும்போது நேரம் உங்களுடையது. ஷோபனின் இசையில் அந்தச் சுதந்திரம் இன்னும் அதிகம், ஓரிடத்தில் இழுத்து இன்னோரிடத்தில் விரைந்துபோக வேண்டும். இசைக்குழுவோடு வாசிக்கும்போது நீங்கள் இழுத்தால் எத்தனையோ பேர் உங்களோடு இழுக்க வேண்டும். அவர்கள் உங்களைப் பார்ப்பதில்லை, நடத்துனரைப் பார்க்கிறார்கள். நடத்துனர் உங்களைக் கேட்கிறார். எங்கள் துறையில் தாமதம் என்று தலையைப் பிய்த்துக்கொள்வோமே, இங்கேயும் அதுதான். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீற்றர் போகும். பதினைந்து மீற்றர் தள்ளி இருக்கிற வாத்தியத்தின் சத்தம் உங்களுக்கு வந்துசேர 40 மில்லிநொடிக்கு மேல் ஆகும். காதை மட்டும் நம்பினால் பிந்திவிடுவீர்கள். மேடையில் பழகிப் பழகித்தான் இது கைவரும். சோனுக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் தரமே போட்டியின் இறுதிச் சுற்று, வார்சோ பில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு.

எஃப் மைனர் கொன்சேர்ட்டோ தொடங்கும்போது பியானோக்காரருக்கு வேலையே இல்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் இசைக்குழு மட்டும் வாசிக்கும். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். மண்டபம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு பியானோ மேலிருந்து சரிந்து விழுவதுபோல் உள்ளே வரும்.

இதற்குள் அந்தப் போட்டியில் வேறொரு புயல் அடித்து முடிந்திருந்தது. யூகோஸ்லாவியாவிலிருந்து வந்திருந்த இவோ பொகொரெலிச்சும் 1958இல் பிறந்தவர், மொஸ்கோவில்தான் படித்தவர். அவர் யாரும் வாசிக்காத மாதிரி வாசித்தார். நடுவர்களில் சிலர் அள்ளிப் புள்ளி கொடுத்தார்கள், சிலர் அடியோடு நிராகரித்தார்கள். மூன்றாம் சுற்றோடு அவர் வெளியேற்றப்பட்டார். 1965இல் இதே போட்டியில் வென்ற ஆர்ஜன்ரீனாவின் மார்த்தா ஆர்ஹெரிச் நடுவர் குழுவில் இருந்தார். பொகொரெலிச் ஒரு மேதை என்று சொல்லி, எதிர்ப்புத் தெரிவித்து விலகிப் போய்விட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் அதைத்தான் எழுதின. பெரிய இசைத்தட்டு நிறுவனமான டொய்ச்ச கிரமபோன் பொகொரெலிச்சை ஒப்பந்தம் செய்தது.

இந்தப் புயலுக்கு நடுவில்தான் சோன் முதல் பரிசு வாங்கினார். சோவியத் யூனியனின் தாத்தியானா ஷெபனோவா இரண்டாவது. மசூர்காவைச் சிறப்பாக வாசித்ததற்கான பரிசும் சோனுக்கே கிடைத்தது. போலந்துக் கிராமத்து ஆட்டத்தின் தாளம் மசூர்கா. அதை வெளிநாட்டார் வாசிக்கும்போது போலந்துக்காரர் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். இன்னொன்று, கொன்சேர்ட்டோவைச் சிறப்பாக வாசித்ததற்கான பரிசு. அது வாழ்க்கையில் முதல் தரமாக இசைக்குழுவோடு வாசித்தவருக்குப் போனது.

ஆனால் இன்றைக்கும் '1980 ஷோபன் போட்டி' என்று தேடிப் பாருங்கள். பொகொரெலிச், ஆர்ஹெரிச் என்று தொடங்கி, நாலாவது ஐந்தாவது பந்தியில்தான் 'அந்த ஆண்டு வென்றவர்' வருவார். மற்றவரை வெளியே போட்டதால் வந்த வெற்றி என்றார்கள். சோவியத் முகாமின் அரசியல் என்றும் பேசினார்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வகுப்பில் நீங்கள் முதலாவதாக வந்தபோது "அவங்கட வீட்டில அடிச்சுப் படிப்பிக்கிறது" என்று யாராவது சொன்னது உங்களுக்கும் நடந்திருக்கும். வேலை கிடைத்தபோது "அவங்களுக்கு இப்ப பல்வகைமை ஆள் தேவை" என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். முதுகலைப் பொறியியல் பட்டம் அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

கோபத்தை ஒதுக்கிவிட்டுப் பார்ப்போம். ஆர்ஹெரிச் விலகியது இறுதிச் சுற்றுக்கு முன்பு. அவருடைய எதிர்ப்பு ஒருவர் வெளியேற்றப்பட்டதற்கு எதிரானது, சோனுக்கு எதிரானது அல்ல. மொஸ்கோவின் கை என்றால், மொஸ்கோ தன் சொந்தப் பிள்ளையான ஷெபனோவாவை இரண்டாவது இடத்தில் ஏன் விட்டுவைத்தது? பொகொரெலிச்சை இறுதிக்கு விட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்தும்தான். விட்டிருந்தால் சோனுக்கும் நல்லது. நேரே நின்று வென்றவர் என்றோ தோற்றவர் என்றோ ஒரு முடிவு இருந்திருக்கும். அதைக்கூட நடுவர்கள் அவருக்குக் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1980களின் பின்பாதியில் சோன் ஜப்பானுக்குப் போய், தோக்கியோவில் ஓர் இசைக் கல்லூரியில் படிப்பித்தார். 1991இல் மொன்றியலுக்குக் குடிவந்து, பின்னர் கனடியக் குடியுரிமை பெற்றார். ஆம், உங்களில் சிலருடைய மாமா, சித்தப்பா எல்லாம் வந்து இறங்கிய அதே மொன்றியல், ஏறக்குறைய அதே ஆண்டுகள். அம்மா லியெனும் அங்கே மகனோடு பல காலம் இருந்தார். நூறு வயதைத் தாண்டி, 2023இல் காலமானார்.

சோன் படிப்பிக்கத் தொடங்கினார். கச்சேரி வாசிப்பதை விடவில்லை, ஆனால் அவருடைய பெயர் திரும்பவும் வார்சோவில் பெரிதாக ஒலித்தது மாணவர்களால்தான். 2015இல் எரிக் லூ நாலாவதாக வந்தார், வயது 17. 2021இல் புரூஸ் லியூ முதல் பரிசு வாங்கினார். பாரிசில் சீனப் பெற்றோருக்குப் பிறந்து மொன்றியலில் வளர்ந்தவர். கனடியர் ஒருவர் இந்தப் போட்டியில் வென்றது அதுதான் முதல் தடவை. அந்த ஆண்டு சோனும் நடுவர் குழுவில் இருந்தார், ஆனால் தன் மாணவருக்கு நடுவர் புள்ளி போடக் கூடாது என்பது விதி. பரிசுக்கு அப்பால் ஒரு காரணம் தேடுகிறவர்கள் அப்போதும் இருந்திருப்பார்கள். விதி தெளிவாக இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

2025இல் எரிக் லூ மீண்டும் போட்டிக்கு வந்தார். அவர் அமெரிக்காவில் பிறந்தவர். இதற்குள் லீட்ஸ் போட்டியில் 2018இலேயே முதல் பரிசு வாங்கி, உலகம் சுற்றி வாசித்துக்கொண்டிருந்தவர். இழப்பதற்கு நிறைய இருந்தது. இறுதிச் சுற்றுக்கு எஃப் மைனரை எடுத்தார். ஆசிரியர் சொன்னாரா, தானே எடுத்தாரா, நான் அறியேன். நடுவர் குழுவின் தலைவர் யார் தெரியுமா? காரிக் ஓல்சன். 1970இல் லியென் வார்சோ மண்டபத்தில் இருந்து பார்த்த அதே இளைஞர், இப்போது எழுபது வயது தாண்டியவர்.

மருமகள் இதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அந்த எருமைப் பியானோ இப்ப எங்க?" எனக்குத் தெரியாது என்றேன். பெரியம்மாவின் சுருதிப்பெட்டி எங்கே இருக்கிறது என்று தெரியும், வந்து பார் என்றேன். சனிக்கிழமை வருகிறாளாம்.

1980 இறுதிச் சுற்றில் சோன் வாசித்த எஃப் மைனரின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. ஒலி பழையது, இருமல் சத்தமும் கேட்கும். மூன்றாம் பாகத்தின் கடைசியில் கொம்பு ஒன்று தனியாக அழைக்கும், அந்த இடத்தில் இசை மைனரிலிருந்து மேஜருக்குத் திரும்பும், கவனியுங்கள். தொடக்கத்தில் இசைக்குழு மட்டும் வாசிக்கிற அந்த இரண்டு நிமிடத்தைத் தயவுசெய்து ஓட்டிவிடாதீர்கள். அப்போது அவருடைய கை மடியில் இருக்கிறது.